கண்மாய்க் கரையில் ஒரு தேர்வு வையுங்கள்: தமிழ்நாட்டு கென்னல் கிளப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் நாய்க் கண்காட்சி நடத்தும் கென்னல் கிளப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் லேப்ரடார் வளர்க்கிறோம். போன வருடம் எங்கள் வள்ளியை நெதர்லாந்தில் லேப்ரடார்களுக்கென்றே நடந்த ஒரு கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போய்வந்ததிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். கன்டாக் இனங்களுக்கு, அதாவது வேட்டைக்காரருக்குத் துணையாகப் பறவையைத் தேடி எடுத்துவர வளர்க்கப்பட்ட லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பேனியல், பாயிண்டர் போன்றவற்றுக்கு, அழகுப் போட்டியோடு சேர்த்து ஒரு வேலைத் தேர்வும் நம் ஊரில் நடத்துங்கள். துப்பாக்கி வேண்டாம், பறவையும் வேண்டாம். பறவைக்குப் பதிலாக எறிய, கான்வாஸ் துணியில் தைத்த டம்மி போதும்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் கண்காட்சிகளில், நாயை எந்த வகுப்பில் சேர்க்கிறோம் என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். 9 மாதம் முதல் 18 மாதம் வரை ஜூனியர். 15 முதல் 24 மாதம் வரை இடைநிலை. 15 மாதத்துக்கு மேல் ஓப்பன். 8 வயதைத் தாண்டினால் வெட்டரன். இவற்றோடு வேலை வகுப்பு என்று இன்னொன்று உண்டு. அதற்கும் வயது 15 மாதம்தான்; ஆனால் நாய் தன் தொழிலில் தேறியிருக்கிறது என்று காட்டும் சான்றிதழையும் இணைக்க வேண்டும். வள்ளி எங்கள் தோப்பில் எவ்வளவு தூரம் வீசினாலும் டம்மியைத் தேடி எடுத்துவந்து கையில் கொடுப்பாள். ஆனால் அதைச் சொல்ல எங்களிடம் ஒரு தாள் கிடையாது. ஓப்பனில் சேர்த்தோம்.

ரிங்கில் எங்களுக்குக் கிடைத்த நடுவர் வயதான அம்மாள். நாய்கள் ஒரு சுற்று ஓடி முடித்ததும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். வள்ளியின் விலாவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, விரல் நுனியால் எலும்பைத் தேடினார். மயிரை எதிர்ப்பக்கமாகத் தள்ளி உள்மயிர் இருக்கிறதா என்று பார்த்தார். வாலின் அடியைப் பிடித்து நுனி வரை உருவினார். லேப்ரடாருக்கு அடி தடித்து நுனி மெலிந்த, நீர்நாய் வால் போன்ற வால் இருக்க வேண்டும் என்பது இன இலக்கணம். நீரில் நீந்தும்போது அந்த வால்தான் சுக்கான். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கவே பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போக, அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். கடைசியில் அந்தத் தாளை எங்கள் கையில் கொடுத்தார்கள். தலை நன்று, வால் நன்று, நடை தாராளம், உள்மயிர் போதாது, உடம்பு கொஞ்சம் கூடுதல். தரம்: 'மிக நன்று.' அதற்கு மேலே 'மிகச் சிறப்பு' என்று ஒரு படி இருக்கிறது.

எங்களுக்கு அந்தத் தாளில் குறையே இல்லை. பங்குனி வெயிலில் வளரும் நாய்க்கு உள்மயிர் அடர்த்தியாக வராது. உடம்பைப் பற்றிச் சொன்னதும் சரிதான். அப்பத்தா தயிர்ச்சோற்று உருண்டையை ஒளித்து ஊட்டுவதை யார் தடுக்க முடியும்? நான் சொல்ல வந்தது, அந்த அம்மாள் தாளைக் கொடுக்கும் முன் கேட்ட கேள்வியை. "இவள் ஊரில் என்ன வேலை செய்கிறாள்? ஏதாவது தேர்வுக்குப் போயிருக்கிறாளா?" எங்கள் பக்கம் அப்படி ஒரு தேர்வு நடப்பதில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நாயிடம் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம், காலையில் ரிங்கில் சீவிச் சிங்காரித்து நின்ற நாய்களில் சிலவற்றைத் திடலுக்குப் பின்னால் இருந்த கால்வாய்க்குக் கூட்டிப்போனார்கள். எதிர்க்கரையில் ஒருவர் டம்மியை நாணலுக்குள் எறிந்தார். நாய் அசையவில்லை. எஜமானின் காலோடு ஒட்டி உட்கார்ந்து, அது விழுந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னதும் ஒரே பாய்ச்சல். நீந்திப் போய், நாணலுக்குள் மூக்கை விட்டுத் தேடி, எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. கரையேறியதும் உடம்பை உதறவில்லை. டம்மியைக் கையில் கொடுத்த பிறகுதான் உதறியது. காலையில் 'மிகச் சிறப்பு' வாங்கிய நாய்தான் அது. அழகும் வேலையும் ஒரே நாயில் இருக்க வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லிக் காட்டவில்லை. நடத்திக் காட்டினார்கள்.

இங்கிலாந்திலும் இதே வழக்கம்தான். அங்கே அழகுப் போட்டியில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று சேலஞ்ச் சர்டிஃபிகேட் என்ற உயர் சான்று வாங்கினால் மற்ற இனங்களில் பெரும்பாலானவை சாம்பியன் ஆகிவிடும். கன்டாக்கோ 'ஷோ சாம்பியன்' என்ற படியோடு நின்றுவிடும். வேலையிலும் தகுதி காட்டினால்தான் முழுச் சாம்பியன். எஃப்.சி.ஐ. பட்டியலிலும் ரெட்ரீவர்கள் வேலைத் தேர்வுக்கு உட்பட்ட இனங்கள்தான். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவை அடைக்க இப்படி வைத்திருக்கிறார்கள் என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது உண்மை இல்லை. இங்கிலாந்தில் 1891-ல் தொடங்கிய கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 2022-ல் ஒட்டுமொத்த முதல் பரிசு வாங்கியது நார்வேயிலிருந்து வந்த பேக்ஸர் என்ற பிளாட்கோட்டட் ரெட்ரீவர். அடுத்த வருடமே குரோவேஷியாவிலிருந்து வந்த ஓர்கா என்ற லகோட்டோ ரொமனோலோ. இரண்டும் கன்டாக் பிரிவு, இரண்டும் வெளிநாட்டு நாய்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த வட்டிக்கடைகளுக்கு ஆள் அனுப்பிய காலத்தில், பையனை எடுத்த எடுப்பில் கடையை நடத்தும் மேலாளாக உட்கார வைக்கவில்லை. எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, கணக்கும் கொடுக்கல் வாங்கலும் கைவந்த பிறகுதான் கடையைப் பொறுப்பில் கொடுத்தார்கள். நாம் நாயை மட்டும் பெட்டியடியில் உட்கார வைக்காமலே கப்பல் ஏற்றுகிறோம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் வேட்டை நாய்க்கு எப்படித் தேர்வு வைப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சட்டம் இருக்கத்தான் வேண்டும். எங்கள் தோப்புகளில் மயில் உலாவுவது அதனால்தான். ஆனால் ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் பறவையே இல்லாமல் டம்மியை மட்டும் வைத்து நடக்கும் தேர்வுகள் ஏராளம். டம்மி என்பது அரைக் கிலோ எடையுள்ள கான்வாஸ் உருளை, அவ்வளவுதான். காரைக்குடியில் எந்தத் தையல்காரரிடம் கொடுத்தாலும் பழைய கான்வாஸில் மரத்தூளை அடைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். நான் தைக்கச் சொன்னபோது எதற்கு என்று கேட்டவர், அடுத்த முறை போனபோது தையலை இரட்டையாகப் போட்டு வைத்திருந்தார்.

தேர்வில் பார்ப்பது இவ்வளவுதான். கயிறு இல்லாமல் எஜமானின் பக்கத்திலேயே நடக்கிறதா? டம்மி விழுந்ததைப் பார்த்தும், சொல்லும் வரை காத்திருக்கிறதா? பார்க்காத இடத்தில் ஒளித்து வைத்ததை விசிலுக்கும் கைச்சைகைக்கும் கட்டுப்பட்டுப் போய்த் தேடுகிறதா? தண்ணீரில் தயங்காமல் இறங்குகிறதா? எடுத்துவந்த டம்மியில் பல் பதிந்திருக்கிறதா? லேப்ரடாரின் பெருமையே, எடுத்ததைக் கடிக்காமல் கொண்டுவரும் மென்வாய்தான். அதன் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி, வலையையும் தப்பிய மீனையும் பிடித்துக் கொடுத்த நாய்கள். மீனைக் கடித்துக் குதறுகிற நாயை எந்த மீனவர் படகில் ஏற்றுவார்?

இதற்குச் செட்டிநாட்டுக் கண்மாயைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏறி இறங்கக் கரை இருக்கிறது. தை, மாசியில் மடைப் பக்கம் நாய் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வற்றிய உள்வாயில் கோரையும் புல்லும் மண்டிக் கிடக்கும். ஒளித்து வைக்க வேறென்ன வேண்டும்? விடிந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் செம்மண் தரை சுடும். சீமைக்கருவேல முள் கிடக்கும் இடத்தை முந்தைய நாளே ஆள் வைத்துப் பெருக்க வேண்டும். உண்ணி மருந்து போடாத நாயை உள்ளே விடக் கூடாது. எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல்தான் லேப்ரடாரைக் கொண்டுபோகிறது. எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் கட்டாயம், கண்மாய்த் தண்ணீர் ஆயிற்றே.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கன்டாக் தேர்வில் டம்மி எறியும்போது ஒரு வெடிச் சத்தம் கேட்க வேண்டும், நாய் மிரளக் கூடாது என்பது முறை. நம் மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே வந்து கூடு கட்டும் பறவைகள் கலைந்துவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களும் வேட்டங்குடிக்காரர்களும் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு நாய்க்காக வெடி போட எனக்கு மனம் வராது. இரண்டு பலகையை ஓங்கி அறைந்தால் போதும், குட்டிகளை அப்படித்தான் பழக்குகிறார்கள். பறவை அடையும் கண்மாயை விட்டுவிட்டு வேறு கண்மாயாகப் பார்க்க வேண்டும் என்பதையும் விதியாகவே எழுதிவிடுங்கள்.

இந்தத் தேர்வால் வெளிநாடு போகிற நாலு பேருக்குத்தானே லாபம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டம்மியைப் பார்த்தும் உட்கார்ந்திருக்கப் பழகிய நாய், தெருவில் மயில் ஓடினாலும் ஆடு ஓடினாலும் உட்கார்ந்திருக்கும். ஊருக்கு அதுதானே வேண்டும்? அதைவிடப் பெரியது, ரிங்கில் தெரியாத பலவும் கண்மாயில் தெரிந்துவிடும். ரிங்கில் நாய் சில நிமிஷம் நின்று சில நிமிஷம் ஓடினால் போதும். இடுப்பு மூட்டு சரியில்லாத நாயையும் நாயை ரிங்கில் நடத்திக் காட்டும் ஹேண்ட்லர் கெட்டிக்காரராக இருந்தால் சமாளித்துவிடுவார். கரையில் ஏறி இறங்கி, நீந்தி, மறுபடி ஏறச் சொன்னால் இரண்டாவது தடவையே பின்னங்கால் உண்மையைச் சொல்லிவிடும்.

இங்கே செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒன்று. ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த வளவும் பட்டாலையும், அதாவது உள்முற்றமும் கூடமும், கண்ணுக்கு அழகு, ஆனால் வளரும் லேப்ரடார் குட்டிக்கு அது வழுக்குப் பாறை. நாலு மாதக் குட்டி வளவில் ஓடித் திரும்பும்போது பின்னங்கால் இரண்டும் அகன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டு அமைப்பு பிறப்பிலேயே வருவதுதான் என்றாலும், வளரும் வயதில் வழுக்கும் தரையும் அதிக எடையும் அதை இன்னும் கெடுக்கும். எங்கள் வீட்டில் குட்டி இருக்கும் வருடம் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை சாக்கு விரித்துத்தான் வைப்போம், விருந்தாளி வந்தாலும் எடுப்பதில்லை. எடையும் அப்படித்தான். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்கவிடாத ஒரு மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாய் கேட்கிற அளவுக்கெல்லாம் போட்டால் விலா எலும்பு கைக்கே அகப்படாது. இங்கிலாந்தில் இனப்பெருக்கத்துக்கு முன் எக்ஸ்ரே எடுத்து இடுப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள்; 0 என்றால் சிறப்பு, 106 என்றால் படுமோசம். நம்மில் எத்தனை பேர் குட்டி வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்கிறோம்? வேலைத் தேர்வு வந்தால் கேட்கத் தொடங்குவோம் என்பது என் நம்பிக்கை.

காக்கர் ஸ்பேனியலும் பாயிண்டர் வகைகளும் வைத்திருப்பவர்களுக்காக இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். பிறந்த சில நாளில் குட்டியின் வாலை வெட்டும் பழக்கத்தை உங்கள் கிளப் மேடையிலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் 6-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வால் வெட்டப்பட்ட நாயை, பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பார்க்கும் கண்காட்சியில் காட்ட முடியாது. வேட்டை வேலைக்கென்று அங்கே சட்டப்படி வெட்டிய நாய்க்கும் அழகுப் போட்டியில் இடமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தேவகோட்டைக்காரர், அருமையான காக்கர் வைத்திருக்கிறார். தலை, காது, நடை எதிலும் குறை சொல்ல முடியாது. அவர் வாங்கும்போதே வால் இல்லை. இனி அந்த நாய் எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் கிரஃப்ட்ஸ் வாசலை மிதிக்க முடியாது. கண்கூடத் திறக்காத குட்டிக்கு அந்த வலியையும் கொடுத்து, வாழ்நாள் வாய்ப்பையும் பிடுங்குவதில் என்ன லாபம்?

நாயை ஐரோப்பாவுக்கோ இங்கிலாந்துக்கோ கொண்டுபோவதற்கான காகிதங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. மைக்ரோசிப் முதலில், அதன் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதில் மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் எதிர்ப்புச் சக்தி, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. இங்கிலாந்து என்றால் போய்ச் சேரும் முன் 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தடுப்பூசியை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் தொடர்ந்தால் ஐரோப்பாவுக்கு அந்த ரத்தப் பரிசோதனை மறுபடி தேவையில்லை. பயணக் கூண்டில் நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் விட வேண்டும். உங்கள் கிளப் அலுவலகத்தில் இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து ஒட்டினால் அடுத்துப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. காத்திருக்கும் அந்த மூன்று மாதம் இருக்கிறதே, அதுதான் நாயைத் தேர்வுக்குத் தயார் செய்ய ஏற்ற காலம்.

நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இருக்கும்போது வெளிநாட்டு இனத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005-ல் அஞ்சல் தலை வந்தபோது எங்கள் தெருவே கொண்டாடியது. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்கப் பிறந்தவை. அவற்றுக்கான தேர்வு வேறு மாதிரி இருக்க வேண்டும், அதை அவற்றை வளர்ப்பவர்கள்தான் வகுக்க வேண்டும். லேப்ரடாரோ இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிறது. இருக்கிற நாயை நல்லபடியாக வளர்ப்பது நம் கடமை.

உங்களில் பலர் கீழ்ப்படிதல் தேர்வுகளை நடத்துகிறீர்கள், அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த நடுவர்களையும் அந்தப் பயிற்சியாளர்களையும் வைத்தே இதைத் தொடங்கலாம். முதல் வருடம் தொடக்க நிலை மட்டும் போதும்: நடை, காத்திருப்பு, தரையில் ஒன்று, தண்ணீரில் ஒன்று. மதிப்பெண் தாளோடு நடுவர் நாலு வரி எழுதியும் கொடுக்க வேண்டும். எங்களுக்கு நெதர்லாந்தில் கிடைத்த தாள் இன்னும் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. தோற்ற நாய்க்கும் அப்படி ஒரு தாள் கிடைத்தால் அடுத்த வருடம் திருந்தி வரும்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். தை மாதம் பொங்கல் கழித்து வரும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊராட்சியில் அனுமதி வாங்குவது, முள் பெருக்குவது, டம்மி தைப்பது, கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்து கரையில் உட்கார வைப்பது எங்கள் பொறுப்பு. வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு இரண்டாம் கட்டிலேயே பந்தி போட்டுவிடுவோம், நாய்களுக்கு முகப்பில் நிழல் இருக்கிறது. உங்களிடமிருந்து வேண்டியது மூன்றுதான்: தேர்வு நடத்தத் தெரிந்த ஒரு நடுவர், எல்லா கிளப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரே மாதிரியான மதிப்பெண் தாள், இந்தியக் கென்னல் கிளப்பிடம் பேசி அந்தச் சான்றிதழ் வெளிநாட்டு விண்ணப்பத்தில் செல்லுபடியாக ஒரு வழி. கார்த்திகைக்குள் பதில் சொன்னீர்கள் என்றால் கண்மாயைப் பார்த்துவிட்டுத் தேதியைக் குறித்துவிடலாம்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஒரு லேப்ரடார் வளர்ப்பாளர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்